கைக்கிளையும் ஒரு பொம்மைப் படமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் எமக்கு எழுதியபோது, அவர்கள் எம்மிடம் எதிர்பார்த்தது யாதென யாம் அறியாமலில்லை. பழைய மாணவன், அதிலும் தமிழாசிரியன் எழுதுவதென்றால் விடுதி வாழ்வின் நினைவுகளோ சங்கப் பாட்டொன்றின் நயமோ வந்து சேரும் என்றே எண்ணியிருப்பர். யாமும் அவ்வழியே தொடங்கி நான்கு தாள் எழுதினோம். எழுதியதைப் படித்தபோது எமக்கே கொட்டாவி வந்தது. ஆகவே அவற்றைக் கிழித்துவிட்டுப் பலாங்கொடையில் எமது வகுப்பறையில் எழுந்த ஒரு வழக்கைப் பற்றி எழுதத் துணிந்தோம். வழக்கின் பொருள் ஒரு பொம்மைப் படம். மூத்தோர் பொறுத்தருள்க, சங்கப் பாட்டும் பின்னே வரும்.

பொம்மைப் படம் என்பது எங்கள் தோட்டப்புறத்து வழக்கு. நகரத்தார் கார்ட்டூன் என்பதனை லயத்துப் பிள்ளைகள் அவ்வாறு சொல்வர். எமது சிறுபருவத்தில், 1980களின் பிற்பகுதியில், எம் லயத்துக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. லயம் முழுமைக்கும் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே. அதுவும் பற்றரியில் ஓடுவது. பற்றரி இறங்கிவிட்டால் யாரேனும் ஒருவர் அதனைத் தோளிற் சுமந்து நகருக்குச் சென்று மின்னேற்றி மீளுதல் வேண்டும். அந்தப் பெட்டிக்கு உரிய காம்பராவின் வாயிலில், கால் கழுவிவிட்டு வந்தவர்க்கே இடம். 1982 இல் தொடங்கிய ரூபவாஹினியில், மேல்நாட்டுப் பொம்மைப் படங்களுக்குச் சிங்களக் குரலும் சிங்கள உயிரும் கொடுத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. ‘பிஸ்ஸு பூஸா’ என அவர் பெயரிட்ட பூனையின் வாயாடித்தனத்தைக் கேட்டே எம்மிற் பலர் சிங்களம் பேசப் பழகினோம். பாடசாலையிற் கற்ற சிங்களம் பரீட்சையோடு போயிற்று. பூனை கற்பித்த சிங்களம் இன்றும் பலாங்கொடைச் சந்தையில் எமக்குக் கைகொடுக்கின்றது. 2011 இல் தொட்டவத்த மறைந்தார் என்ற செய்தியைக் கேட்ட அன்று, எம்மோடு படித்த ஒருவர், தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், தொலைபேசியில் அழைத்துப் பூனையின் குரலிற் பேசினார். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு எழவில்லை.

அந்நாளிற் பொம்மைப் படத்தில் யாம் தேடியது சிரிப்பு ஒன்றே. யார் யாரை விரும்பினர் என்று யாம் கேட்டதில்லை. இன்று அவ்வாறன்று. லயத்துக் கூரை தோறும் டிஷ் இருக்கின்றது. இந்தியத் தொலைக்காட்சிகள் வருகின்றன. பொம்மைகள் தமிழிற் பேசுகின்றன. அவற்றுட் பெரும் புகழ் பெற்றது ‘சோட்டா பீம்’. ஐதராபாத்தில் உள்ள கிரீன் கோல்ட் அனிமேஷன் என்னும் நிறுவனத்தின் படைப்பு. ராஜீவ் சிலகா என்பவரின் கற்பனை. 2008 இல் போகோ தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. டோலக்பூர் என்னும் ஊரில் பீம் என்றொரு சிறுவன், ஒன்பது வயது, மற்போரில் வல்லவன், லட்டுத் தின்றால் யானை பலம் பெறுபவன். அவனுக்குத் தோழர் ராஜுவும் ஜக்கு என்னும் குரங்கும். காலியா என்பவன் பொறாமைக்காரன். ஆயினும் கெட்டவன் அல்லன். ஊரின் அரசன் இந்திரவர்மன். அவன் மகள் இந்துமதி. இவர்களோடு சுட்கி.

சுட்கியின் தாய் லட்டு விற்பவள். பீம் களைத்து விழும் நேரங்களில் அவனுக்கு லட்டுக் கிடைப்பது பெரும்பாலும் சுட்கியின் கையால். அவளும் காட்டுக்கும் மலைக்கும் உடன் செல்வாள், துணிந்தவள், புத்திசாலி. அவள் பீமைப் பார்க்கும் பார்வையிலும், இளவரசி வந்து நின்றால் அவள் முகம் ஒரு கணம் மாறும் மாற்றத்திலும், ஏதோ ஒன்று சொல்லப்படாமல் நிற்பதாகப் பார்த்தவர் பலர் எண்ணினர். சொல்லப்படாத அது நூற்றுக்கணக்கான அத்தியாயங்களிலும் சொல்லப்படாமலே நின்றது. இந்தியில் சுட்கி என்றாற் சிட்டிகை. உப்பைச் சிட்டிகையளவு இடுவதுபோல அப்பெண்ணின் மனத்தையும் கதையுட் சிட்டிகையளவே இட்டனர் போலும்.

நிற்க. பெருந்தொற்றின் பின்னர்ப் பாடசாலைகள் மீளத் திறந்த காலத்தில், உயர்தர வகுப்பிலே அகத்திணை பற்றிக் கூறிக்கொண்டிருந்தோம். ஐந்திணையை விரித்துக் கூறிவிட்டுக் கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடுவது எமது நெடுநாள் வழக்கம். அன்றும் அவ்வாறே ஓடினோம். கைக்கிளையாவது ஒருதலைக் காமம் என்று கரும்பலகையில் எழுதி, வழக்கமாகக் கேட்பதுபோல, “இதற்கு உதாரணம் ஒன்று சொல்வார் உண்டா?” என்றோம். வழக்கமாக ஒருவரும் சொல்லார். அன்று மூன்றாம் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாதவள், நாளும் நான்கு கல் தொலைவு நடந்து வருபவள்.

“சுட்கி, சேர்” என்றாள்.

வகுப்புச் சிரித்தது. யாம் சிரிக்கவில்லை, ஏனெனில் சுட்கி யார் என்றே எமக்கு அப்போது தெரியாது. பின்வாங்கிலிருந்து ஒருவன், “சேர், பீம் அவள ஏமாத்திட்டு எளவரசியக் கட்டிக்கிட்டான் சேர்” என்றான். மற்றொருவன், “அது பொய்டா, அவங்க சின்னப் புள்ளைங்க” என்றான். அடுத்த பத்து நிமிடமும் தொல்காப்பியர் எம் கையை விட்டுப் போய்விட்டார். எத்தனையோ ஆண்டு கற்பித்தும் அவ்வகுப்பில் அத்தனை வாய்கள் ஒருங்கே திறந்ததை யாம் கண்டதில்லை.

அன்று மாலை வீட்டிற்கு வந்து விவரம் தேடினோம். செய்தி உண்மையே. 2020ஆம் ஆண்டு, இந்தியாவில் மக்கள் வீடுகளில் அடைபட்டிருந்த ஊரடங்குக் காலத்தில், பீம் இளவரசி இந்துமதியை மணந்துகொண்டான், சுட்கி கைவிடப்பட்டாள் என்றொரு கதை சமூக ஊடகங்களிற் பரவிற்று. ‘சுட்கிக்கு நீதி வேண்டும்’ என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது. அவளை லட்டுக்காகவே பயன்படுத்தினான் என்று பீமை ஏசியவரும் உளர். வளர்ந்தவர்கள்; அப்படத்தைப் பார்த்து வளர்ந்து, தொழிலும் மீசையும் பெற்றவர்கள். முடிவில் அந்நிறுவனமே அறிக்கை விட நேர்ந்தது. அவர்கள் இன்னும் குழந்தைகளே. மணம் என்ற செய்தி பொய். அறியாப் பருவத்தார் வாழ்விற் காதலையும் கலியாணத்தையும் கொணர வேண்டா என்பது அறிக்கையின் சாரம்.

முதலில் எமக்கு நகைப்பே வந்தது. மை கொண்டு வரைந்த இரு பொம்மைகளின் கலியாணத்துக்கு ஒரு நாடே வழக்காடுவதா? பின்பு அந்த அறிக்கையை மீண்டும் படித்தபோது, இதனை எங்கோ முன்பே படித்திருக்கின்றோமே என்ற எண்ணம் எழுந்தது. எழுந்துபோய்த் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை எடுத்தோம்.

கைக்கிளை என்பதற்கு ஆசிரியர் தரும் விளக்கம் வெறும் ஒருதலைக் காமம் என்ற அளவில் நிற்பதன்று. காமம் இன்னதென அறியும் பருவம் வந்து நிரம்பாத இளையவள் ஒருத்தியைக் கண்டு, தன் துயரைத் தானே அவளிடம் சொல்லி, அவளிடமிருந்து மறுமொழி பெறாமலே, சொன்னதனாலேயே ஒருவன் இன்புறுதல் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. ‘கை’ என்பதற்குச் சிறுமை என்றும் ‘கிளை’ என்பதற்கு உறவு என்றும் பொருள் கூறுவர். சிறிய உறவு; ஒரு சிட்டிகை உறவு. பல ஆண்டாக யாம் இதனைக் கற்பித்தும் எம் கண்ணிற் படாத ஒன்று அன்றிரவு பட்டது. அச்சூத்திரத்தில் முக்கியமானது அவன் சொல்லன்று, அவளது மறுமொழியின்மை. அவள் பேசவில்லை, ஏனெனில் அவளுக்கு அது இன்னும் மொழியாகவில்லை. முற்றாத ஒன்றை முற்றியதாக வைத்துப் பேசி இன்புறுவது அவனுடைய செயல். அப்படியாயின் சுட்கியின் கதையில் கைக்கிளையாளர் யார்? சுட்கியா? அல்லள். பீமும் அல்லன். திரைக்கு வெளியே அமர்ந்து, குழந்தையின் முகத்திற் காதலைப் படித்துத் தாமே பேசித் தாமே இன்புற்றுத் தாமே சினந்தவர்களே.

மறுநாள் வகுப்பில் இதனைச் சொன்னோம். மிக நன்றாகச் சொன்னோம் என்றே எமக்குத் தோன்றிற்று. அந்த மாணவி எழுந்தாள். “அப்ப பொண்ணு பேசவே மாட்டாளா சேர்?” என்றாள்.

இக்கேள்விக்கு விடை எம்மிடம் இருந்தது. மூன்று பாட்டாக இருந்தது. புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. திணை கைக்கிளை. பாடப்பட்டவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி; அவன் யார்? ஆமூர் மல்லனை மற்போரில் வென்றவன். மற்போர் வீரன் ஒருவனும் அவனைக் கண்டு மனம் இழந்த பெண் ஒருத்தியும். டோலக்பூர் போல உறையூர்! ஆனால் வேறுபாட்டைக் காண்க. நக்கண்ணையார் தாமே பேசுகின்றார். வளை கழல்கின்றது, அவனைத் தழுவவோ அவையை எண்ணி நாணுகின்றேன், வீட்டிலோ தாய்க்கு அஞ்சுகின்றேன், என்னைப்போல் இவ்வூரும் இருபக்கமும் நடுங்கட்டும் என்கின்றார். அவனோ கூழுண்டும் தோள் பெருத்திருக்கின்றான், யானோ அவன் அருகே இருந்தும் மேனி பசந்தேன் என்கின்றார். வெற்றி அவனுக்கே என்று சிலரும் அன்று என்று சிலரும் ஊரிற் பேசிக்கொண்டிருக்க, மனைக்கு அயலே பனையிற் சாய்ந்து நின்று அவன் வென்றதைத் தம் கண்ணாற் கண்டதாகச் சொல்கின்றார். அவன் மறுமொழி சொன்னதாக எந்தப் பாட்டும் இல்லை. மணந்தானா என்பதும் பாட்டில் இல்லை. ஆயினும் அம்மூன்று பாட்டையும் படித்தவர் எவரும் ‘நக்கண்ணைக்கு நீதி வேண்டும்’ என்று கூவியதாக யாம் கேட்டதில்லை. ஏன்? அவர் கூற வேண்டியதைக் கூறிவிட்டார். உறவு குறையாக நிற்கலாம். ஆள் குறையாக நிற்கவில்லை.

இவ்விடத்தில் நம் கல்லூரி நூலகத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களையும் விடுதியில் விளக்கணைத்த பின்னர்க் கைவிளக்கிற் படித்தவர் எம்மோடு பலர், இதனைப் படிக்கும் அன்பருள்ளும் பலர் இருப்பர். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யிலே தொடராக வந்த அக்கதையில், குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் இடையே நிகழ்ந்தது எத்துணை! ஆயினும் அவர்களின் மணத்தைக் கல்கி காட்டவேயில்லை. கதை முடிந்ததும் வாசகர் பொறாது கேள்வி எழுப்பினர்; ஆசிரியர் முடிவுரை எழுதி அவர்களுக்கு விடை கூற வேண்டியதாயிற்று. 1954இலும் ஒரு ‘நீதி வேண்டும்’ இருந்தது என்க. குந்தவையார் வந்தியத்தேவரின் தேவியார் என்பது தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலே உள்ளது. வாசகர் அதனையேனும் கொண்டு ஆறுதல் பெறலாம். யாம் விடுதியில் இருந்தபோது பெறவில்லை, பெரிதும் ஏமாந்தோம். இப்போது நினைக்கின்றபோதுதான் கல்கி செய்த வேறொன்று தெரிகின்றது. அந்த நெடுங்கதையின் இறுதி அத்தியாயத்தை அவர் கொடுத்தது குந்தவைக்கன்று. வந்தியத்தேவனை ஒருதலையாக விரும்பி உயிர்விடும் கடம்பூர் மணிமேகலைக்கு. கைகூடியவளின் கலியாணத்தை விட்டுவிட்டுக் கைகூடாதவளைக் கடைசி வரையும் உடன் இருந்து பார்த்தார்.

மறுபுறமும் ஒன்று உண்டு. யப்பானியப் பொம்மைப் படம் ‘டோரேமான்’. 1970 இற் சித்திரக் கதையாகத் தொடங்கியது. நோபிதா என்னும் சோம்பேறிச் சிறுவன் வளர்ந்தபின் யாரை மணப்பான் என்பதனை எதிர்காலத்திலிருந்து வந்தவர்கள் முன்னரே அவனுக்குச் சொல்லிவிடுகின்றனர். முதலில் விதித்திருந்தவள் வேறொருத்தி; பின்னர் அது ஷிசுகா என மாறுகின்றது. எங்கள் மாணவருட் பலர்க்கு இதில் திருப்தி. எமக்கில்லை. அந்தப் பெண்பிள்ளை தன் பாட்டில் விளையாடிக்கொண்டிருக்க, அவள் கைபிடிக்கப்போவது இவனை என்று முன்கூட்டியே முத்திரை குத்தி வைப்பது என்ன நியாயம்? அவன் வாழ்வில் தேறியதற்கு அவள் ஒரு பரிசு போல ஆயினாள். ஜோடி சேர்ந்துவிட்டது, அவள் சேர்ந்தாளா என்பது ஐயமே.

அதற்கும் நம் பழங்கதையே சான்று. ஊர்மிளையை எண்ணுங்கள். இலக்குவனுக்கு முறைப்படி மணமானவள். பதினான்கு ஆண்டு கணவனைப் பிரிந்திருந்தவள். அவளுடைய பிரிவைப் பாட இராமகாதைக்கு நேரமில்லை. இரவீந்திரநாத் தாகூர், காவியங்களிற் புறக்கணிக்கப்பட்ட பெண்களைப் பற்றி எழுதிய வங்காளிக் கட்டுரையில் இவளுக்காக வருந்தினார். ஊர்மிளைக்குக் கலியாணம் ஆகாமலா குறை? மாலையும் விழுந்தது, தாலியும் ஏறியது. கதை அவளை வாயிலில் நிறுத்திவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டது. ஆகவே பீமுக்குச் சுட்கியைக் கட்டிவைத்துவிட்டால் அவளுக்கு நீதி கிடைத்துவிடும் என்று கூவியவர்களை யாம் நம்பவில்லை. கலியாணமான மறுநாளும் அவள் லட்டுத்தான் நீட்டிக்கொண்டிருப்பாள்.

இதுவரை எழுதியதை ஒரு வகுப்புப் பாடமாகவே முடித்துவிட்டிருக்கலாம். முடிக்க இயலவில்லை. கிழித்த நான்கு தாளுக்குப் பதிலாக இதனை எழுத அமர்ந்ததற்குக் காரணம் வேறு.

நம் கல்லூரிக்கு வருவதற்கு முன்னர் யாம் படித்தது ஒரு தோட்டப் பாடசாலையில். தகரக் கூரை, ஒரே மண்டபம், ஐந்து வகுப்பும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று கேட்கும். எமக்குப் பன்னிரண்டு வயது. எம் வகுப்பிலே ஒரு சிறுமி. எமக்கு முன் வாங்கில் ஒரு சிறுவன், தாயில்லாதவன், தந்தை குடிப்பவர். பகல் இடைவேளையில் அவன் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நின்றுவிடுவான். அச்சிறுமி தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துச் சம்பலோடு தாளிற் சுற்றி அவன் வாங்கில் வைத்துவிட்டுப் போவாள். பேசமாட்டாள். அவனும் நன்றி சொன்னதில்லை. இது பல மாதம் நடந்தது.

இதனைக் கண்டுபிடித்தவர் யாம். கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு வாளாவிருக்க எம்மால் இயலவில்லை. ஒருநாள் பாடசாலை விட்ட பின், அடுப்புக்கரி கொண்டு, மண்டபத்தின் வெள்ளைச் சுவரில் இருவர் பெயரையும் எழுதி இடையே ஒரு கூட்டற்குறி இட்டோம். எம் கையெழுத்து அப்போதே அழகானது. ஆசிரியர் பலமுறை பாராட்டியது. மறுநாள் பெயரைப் படித்துப் பிள்ளைகள் பாடினர். பாட்டு லயத்துக்குப் போயிற்று. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்குப் போயிற்று. அவள் தந்தை பாடசாலைக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். எழுதப் படிக்க அறியாதவர்; அது என்ன என்று எம்மிடமே கேட்டார். யாம் ஒன்றும் சொல்லவில்லை. வேறொருவன் படித்துக் காட்டினான். அதன் பின் அவள் வரவில்லை. கொழுந்து மலையில் தாயோடு நின்று துணைக்குக் கிள்ளுகின்றாள் என்று கேள்விப்பட்டோம். சுவரை யார் எழுதியது என்று விசாரணை நடந்தது. பழி மற்றொருவன் மேல் விழுந்தது. யாம் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அச்சிறுவன் இடைவேளையில் மீண்டும் குழாயடிக்குப் போகத் தொடங்கினான்.

அது காதலா? எமக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திராது. பசித்தவனுக்கு ரொட்டி வைத்தாள். அதன் உள்ளே வேறொரு விதை இருந்திருந்தால், அது தன் காலத்தில் முளைத்திருக்கும், அன்றேல் உலர்ந்து போயிருக்கும். இரண்டும் அவளுடையவை. யாம் கரியால் ஒரு கூட்டற்குறி இட்டு அதனை முடித்துவைத்தோம். அடுத்த ஆண்டு எமக்கு நம் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெட்டியோடு பேருந்தில் ஏறினோம். இந்நாட்டிற் பெண்ணின் திருமண வயது பதினெட்டு என 1995 இற் சட்டம் வந்தது. அவளுக்கு அது பிந்தி வந்தது. அதற்கு முந்திய ஆண்டே அவளை யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டனர். அந்தச் சிறுவனுக்கு அல்ல.

கொட்டகலை ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து இப்பகுதிக்கே ஆசிரியராக வந்த பின்னர், ஒரு முறை அவரைக் கண்டோம். பலாங்கொடைப் பேருந்து நிலையத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது, “வாத்தியாரு தானே? என்னயத் தெரியுதா?” என்று அவராகவே வந்து கேட்டார். இரு பிள்ளைகள், மூத்தவள் படிப்பிற் கெட்டிக்காரி என்றார். ஆங்கிலத்துக்கு எந்த வகுப்பு நல்லது என்று விசாரித்தார். யாம் சொன்னோம். சுவரைப் பற்றி அவரும் கேட்கவில்லை. அது எம் கை என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. எமக்குச் சொல்ல வாய் எழவில்லை. மழை விட்டதும் “வரேன் வாத்தியாரே” என்று சொல்லி, கையில் இருந்த சந்தைப் பையிலிருந்து இரண்டு தோடம்பழத்தை எடுத்து எம்மிடம் தந்துவிட்டுப் பொகவந்தலாவைப் பேருந்தில் ஏறினார். அப்பழங்களை யாம் உண்ணவில்லை. வீட்டில் வைத்திருந்து வாடிப்போயின.

வகுப்புக்கு மீள்வோம். பெண் பேசமாட்டாளா என்று கேட்ட மாணவிக்கு நக்கண்ணையாரைக் காட்டினோம் அல்லவா? அவள் மூன்று பாட்டையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பின்பு சொன்னாள்: “சேர், சுட்கிக்குக் கலியாணம் வேணாம். ஒருநாளைக்கு அவ சண்ட போடட்டும், பீம் லட்டுப் புடிக்கட்டும்.” இம்முறை வகுப்பு நெடுநேரம் சிரித்தது, யாமும் சிரித்தோம்.

அதனையே அவ்வாரக் கட்டுரைப் பயிற்சியாகக் கொடுத்தோம். ‘சுட்கியின் ஒருநாள்’ என்பது தலைப்பு. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. அதிபர் கேட்டாற் கைக்கிளை என்று சொல்லியிருப்போம். கொப்பிகள் வந்தன. பலர் அவளை இராட்சதனோடு சண்டையிட வைத்தனர். பின்வாங்கு மாணவன் ஒருவன் பீமைச் சமையலறைக்கு அனுப்பி லட்டையும் கரிய வைத்திருந்தான். இருவர், சொல்லியும் கேளாது, கலியாணம் செய்து வைத்தனர். ஒன்றில் நாதசுவரமும் உண்டு. அந்த மாணவியின் கட்டுரை ஒரு பக்கமே. அதில் இராட்சதன் வரவில்லை. பீம் ஊரில் இல்லை. காலை எழுந்து சுட்கி தாய்க்கு உதவியாக லட்டுப் பிடிக்கின்றாள். நூறு பிடித்துத் தட்டில் அடுக்கிய பின், யாரும் பாராத நேரம், ஒன்றை எடுத்துத் தானே தின்கின்றாள். நன்றாகத்தான் இருக்கின்றது என்று நினைக்கின்றாள். பின்பு படலையைத் திறந்துகொண்டு வெளியே போகின்றாள். எங்கே என்று எழுதவில்லை.

இரண்டு எழுத்துப் பிழை இருந்தன. பத்துக்கு எட்டு இட்டோம்.